ஓரடி தள்ளி நின்றால் டிராகன் காணாமல் போகும்! - கண்ணை ஏமாற்றும் ஓவியங்களும் ஒரு சிவகாசிக் குடும்பமும்

தீபாவளி இரவில் கம்பி மத்தாப்பைக் கொளுத்திக் கையில் கொடுத்ததும் குழந்தைகள் செய்யும் முதல் வேலை, காற்றில் வட்டம் போடுவது. அடுத்தது, தன் பெயரின் முதல் எழுத்தை எழுதிப் பார்ப்பது.

உண்மையில் அங்கே வட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை. எரியும் ஒரு நுனி மட்டும்தான் நகர்கிறது. ஆனால், அந்த வெளிச்சத்தின் சுவடு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் அளவுக்கு நம் பார்வையில் தங்கிவிடுகிறது. பழைய சுவடு மறைவதற்குள் புதிய சுவடு வந்து ஒட்டிக்கொள்ள, புள்ளி கோடாகிவிடுகிறது. தரையில் சுற்றும் சங்குச்சக்கரமும் அப்படித்தான். சீறுவது ஒரு முனை. நமக்குத் தெரிவதோ முழு நெருப்புத் தட்டு.

நாட்டின் பட்டாசில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் தயாரிப்பதாகச் சொல்லப்படும் சிவகாசி வட்டாரம், இந்தக் கண்கட்டு வித்தையைத்தான் வருடம் முழுக்கப் பெட்டியில் அடைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது.

பட்டாசு மட்டுமல்ல, அந்த ஊரின் இன்னொரு தொழிலான அச்சும் கண்ணை நம்பித்தான் நடக்கிறது. தினசரி காலண்டரில் உள்ள முருகன் படத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முகமும் இருக்காது, மயிலும் இருக்காது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகள்தான் சிதறிக் கிடக்கும். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கையை நீட்டிப் பிடித்தால் முருகன் சிரிப்பார். பச்சை மயிலுக்குப் பச்சை மை ஊற்றுவதில்லை. நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் விழ, பச்சையாக்கிக்கொள்வது நம் கண்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு குடும்பம், கண்ணை ஏமாற்றுவதற்காகவே கட்டிய ஓர் இடத்துக்குப் போய் வந்த கதை இது.

நீங்கள் நின்றால்தான் படம் முடியும்

'ட்ரிக் ஆர்ட் மியூசியம்' என்று பல நகரங்களில் பார்த்திருப்பீர்கள். சுவரிலும் தரையிலும் சேர்த்து வரைந்த பெரிய பெரிய ஓவியங்கள். சாதாரண ஓவியக் கண்காட்சியில் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருக்கும். இங்கே தொடலாம், சாயலாம், படுக்கலாம். பாதாளத்தில் தொங்கலாம், சுறாவின் வாயில் தலையை விடலாம், சிறகு விரித்துப் பறக்கலாம்.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓவியர் ஏ.பி.ஸ்ரீதர் 2016-ல் தொடங்கிய 'கிளிக் ஆர்ட் மியூசியம்', இந்தியாவின் முதல் ட்ரிக் ஆர்ட் மியூசியம் என்று அறிமுகமானது. அதற்கு முன்பே ஜப்பானிலும் தென்கொரியாவிலும் இவை பிரபலம்.

இந்த ஓவியங்களில் ஆளில்லாத ஓர் இடம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். காலியான ஊஞ்சல், யாரும் இல்லாத உள்ளங்கை, பாதி கட்டிய பாலம். பார்க்க வந்தவர் அதில் போய் நிற்கும் வரை அது முடியாத படம்தான். அதனால்தான் இதை 'பங்கேற்புக் கலை' என்கிறார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், தரையில் ஒட்டியிருக்கும் கால்தடம். அல்லது ஒரு சின்ன கேமரா படம். 'இங்கே நின்று எடுக்கவும்' என்று அர்த்தம். அங்கிருந்து பார்த்தால் டிராகன் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஓரடி இடதுபக்கம் தள்ளினால் அதன் கழுத்து நீண்டு, தலை சப்பையாகி, தரைக்கும் சுவருக்கும் நடுவே மடிந்து கிடக்கும் பெயின்ட்தான் தெரியும்.

இதன் கணக்கு ரொம்ப எளிது. ஓவியர் முதலில் பார்வையாளரின் கண் எங்கே இருக்கும் என்று முடிவு செய்கிறார். அந்தப் புள்ளியிலிருந்து பார்க்கும்போது சரியாகத் தெரிவதற்கு, தூரத்தில் உள்ள பகுதிகளை வேண்டுமென்றே இழுத்து நீட்டி வரைகிறார். நாம் தினமும் பார்க்கும் உதாரணம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் 'மெதுவாக' என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருப்பார்களே... பஸ்ஸின் முன் சீட்டிலிருந்து பார்த்தால் சாதாரண எழுத்து. இறங்கிப் பக்கத்தில் போய் நின்றால், ஒவ்வோர் எழுத்தும் ஆள் உயரத்துக்கு நீண்டிருக்கும். ஓட்டுநரின் கண்ணுக்காக நீட்டி எழுதியது அது.

செல்போனுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நமக்கு இரண்டு கண்கள். இரண்டும் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்ப்பதால், 'இது தட்டையான சுவர்' என்ற உண்மையை மூளை கண்டுபிடித்துவிடும். கேமராவின் லென்ஸுக்கு ஒரே கண். அதனால்தான் நேரில் சுமாராகத் தெரிந்த படம், போனில் அசத்தலாக விழுகிறது. போன் இல்லாதவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் பாதி வித்தை பலித்துவிடும்.

"தீ இல்லாத படமா பாத்து எடு"

அந்தக் குடும்பம் சிவகாசிக்குப் பக்கத்து கிராமம். அப்பா ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். அம்மா பட்டாசு ஆலையில் தரைச்சக்கரம் சுற்றும் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு.

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் கொஞ்ச நாள் மூடியிருக்கும். போனஸ் கையில் இருக்கும். வருடத்தில் அம்மாவுக்கு ஓய்வு என்று சொல்ல அந்த நாட்கள்தான். சென்னையில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் கிளம்பியபோது, ட்ரிக் ஆர்ட் மியூசியத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது மகள். வகுப்புத் தோழி ஒருத்தி அங்கே எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் பார்த்ததிலிருந்தே ஆசை.

உள்ளே நுழைந்ததும் மகன் கண்ணில் படும் எல்லாப் படத்திலும் ஏறி இறங்கினான். மகள் போனைப் பிடித்தபடி, "அங்கிட்டு நில்லுடா... கையத் தூக்கு" என்று இயக்குநராகிவிட்டாள். அப்பா மட்டும் கால்தடத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராகச் சுவருக்குப் பக்கத்தில் போய், சுவரும் தரையும் சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு புலியின் முன்னங்கால் சுவரில் தொடங்கித் தரையில் முடியும் இடம்.

"ரெஜிஸ்டர் கரெக்டா உக்காந்திருக்கு பாப்பா" என்றார்.

நான்கு நிறமும் இம்மி பிசகாமல் ஒன்றன் மேல் ஒன்று விழுவதற்கு அச்சகத்தில் சொல்லும் வார்த்தை அது. மயிரிழை தள்ளினாலும் காலண்டர் அம்மனுக்கு இரண்டு உதடு வந்துவிடும். பல வருடமாகத் தாளில் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சுவரிலும் அதுதான் பட்டது.

அடுத்த அறையில்தான் டிராகன். சுவர் முழுக்க அதன் தலை. வாயிலிருந்து கிளம்பும் தீ, தரை வரைக்கும் வந்து நின்றது. தீயின் நடுவில் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள். அங்கே நின்று அலறுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டால் போட்டோ பிரமாதமாக வரும். வரிசையில் நின்று எல்லோரும் அதைத்தான் எடுத்தார்கள்.

"அம்மா, நீ போய் நில்லு."

அம்மா நகரவில்லை.

"பெயின்ட்தான்மா அது!"

"பெயின்ட்டுதான்னு எனக்குத் தெரியாதாக்கும்? வேணாம்... தீ இல்லாத படமா பாத்து எடு."

சொல்லிவிட்டு, தீக்கு நடுவே நிற்கப் போன மகனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். மகள் எதுவும் பேசவில்லை. போனை இறக்கிவிட்டாள். பட்டாசு வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மதிய நேரத்தில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால், எந்தத் திசை என்று பார்க்க வகுப்பறையே ஜன்னல் பக்கம் திரும்பும் ஊர்கள் அவை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்துபோனார்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்களும் அதில் உண்டு.

மூளை 'இது படம்' என்று சொல்வதற்கு முன்பே உடம்பு பின்வாங்கிவிடுகிறது. ட்ரிக் ஆர்ட்டின் மொத்த வெற்றியும் அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்த நொடி சிரிப்பில் முடிகிறது. அந்த அம்மாவுக்கு முடியவில்லை. ஏனென்றால், அவர் பார்த்தது ஓவியரின் தீயை மட்டுமல்ல.

பெரிய ஆளான அம்மா

அன்றைக்கு நல்ல போட்டோ கிடைத்தது கடைசி அறையில். 'ஏம்ஸ் அறை' என்று அதற்குப் பெயர். அடல்பர்ட் ஏம்ஸ் என்ற அமெரிக்கர் 1940-களில் உருவாக்கிக் காட்டிய வித்தை அது. வெளியே இருக்கும் துளை வழியாகப் பார்த்தால் சாதாரண சதுர அறை மாதிரி இருக்கும். உண்மையில் ஒரு மூலை மற்றதைவிட இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும். தரை சரிவு, கூரை சரிவு, ஜன்னல்கூடக் கோணல். சதுரமான அறைகளையே பார்த்துப் பழகிய மூளை, 'அறை கோணல்' என்று நம்ப மறுக்கிறது. அதற்குப் பதிலாக, 'ஆள்தான் பெரிதாகிவிட்டார்' என்று முடிவு கட்டிவிடுகிறது!

பக்கத்து மூலையில் அம்மா, தூரத்து மூலையில் அப்பா. போனில் பார்த்தால் அம்மா தலை கூரையை இடிக்கிறது. அப்பா இடுப்பளவுதான் இருக்கிறார். பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன.

"ஏங்க, இன்னிக்கு ஒருநாளாவது நான் பெரியாளா இருந்துக்கிறேன்" என்றார் அம்மா.

அப்பா தூரத்து மூலையிலிருந்து, "தெனமும் நீதான பெரியாளு" என்று கத்தினார்.

அந்தப் படம்தான் இப்போது மகளின் போனில் முகப்புப் படம். அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் போட்டோ ஒன்று வீட்டில் இருப்பதே அது மட்டும்தானாம்.

நம்ம ஊருக்கு இது புதுசா?

ட்ரிக் ஆர்ட் என்ற பெயர்தான் புதிது. கும்பகோணம் அருகே தாராசுரம் கோயிலில் ஒரு சிற்பம் உண்டு. இரண்டாம் ராஜராஜன் காலத்தில், 12-ம் நூற்றாண்டில் கட்டிய கோயில் அது. யானைக்கும் காளைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் யானை தெரியும். மறுபக்கத்தை மறைத்தால் காளை தெரியும். பார்ப்பவரின் கை பட்டால்தான் வித்தை நடக்கும்.

விருதுநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் ஒன்று உண்டு. கூரையில் வரைந்த 'சுழலும் லிங்கம்' ஓவியம். எந்தப் பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஆவுடையார் நம் பக்கமே திரும்பியிருக்கும். பக்தர்கள் அதற்குக் கீழே சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். நம்மை நோக்கி நீண்டிருப்பதுபோலத் தட்டையான பரப்பில் வரைந்த எதுவும், நாம் நகர்ந்தாலும் நம்மையே நோக்கும். சுவரில் தொங்கும் காலண்டர் சாமி வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் நம்மையே பார்ப்பதும் இதனால்தான்.

காலண்டர் என்றதும் கோவில்பட்டி ஓவியர் சி.கொண்டையராஜுவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். அரண்மனைத் தூண்களும் நந்தவனமும் தூரத்தில் நீண்டு போவதுபோல ஒரு துணியில் காட்டும் கலை அது. பிறகு அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி ஊர் ஊராகப் போயின.

அதே திரைச்சீலைக் கலைதான் போட்டோ ஸ்டூடியோக்களுக்கும் வந்தது. தாத்தா, பாட்டி காலத்துப் படங்களைப் பாருங்கள். பின்னால் மாடிப்படி, ஏரி, தாஜ்மஹால்... எல்லாம் துணியில் வரைந்தவை. திருவிழாப் பொருட்காட்சிகளில் அட்டையில் வெட்டிய விமானம், கார், பிறை நிலா இருக்கும். ஓட்டை வழியாகத் தலையை நீட்டினால் நீங்கள் பைலட். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சிக்குச் சின்ன வயதில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், இப்படி ஏதாவது ஒரு ஞாபகம் சொல்வார்கள்.

ஐரோப்பாவிலும் அப்படித்தான். ரோம் நகரின் புனித இக்னேஷியஸ் தேவாலயத்தில் மேலே பார்த்தால் பிரமாண்டமான குவிமாடம் தெரியும். ஆனால், அங்கே குவிமாடமே கிடையாது. 1685-ல் ஆந்த்ரேயா பொட்சோ என்ற துறவி-ஓவியர் வரைந்த தட்டையான ஓவியம்தான் இருக்கிறது. எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தரையில் பளிங்கு வட்டம் ஒன்றையும் பதித்திருக்கிறார்கள். இன்றைய மியூசியத்தின் கால்தட ஸ்டிக்கருக்கு அதுதான் தாத்தா.

கால்தடத்தை விட்டு இறங்கினால்...

ட்ரிக் ஆர்ட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. 'இந்த இடத்தில் நின்றால் மட்டும்தான் இப்படித் தெரியும்' என்று அதுவே தரையில் எழுதிவைத்துவிடுகிறது. ஓரடி தள்ளி வந்து பெயின்ட்டைப் பார்க்கவும் விடுகிறது. தள்ளி வந்து பார்ப்பவருக்கு வித்தை கெட்டுவிடுவதில்லை. 'இதை எப்படி வரைந்திருப்பார்கள்!' என்று ஓவியரின் உழைப்பு மேல் மரியாதைதான் கூடுகிறது. அந்த அச்சகத்து அப்பா செய்தது அதைத்தான்.

சிவகாசியை நாடு பார்ப்பதற்கு இரண்டே இரண்டு கால்தடங்கள்தான் போட்டுவைத்திருக்கிறோம். ஒன்று, தீபாவளி ராத்திரி மொட்டை மாடி. அங்கிருந்து பார்த்தால் வானம் முழுக்கப் பூ. இன்னொன்று, விபத்துச் செய்தி ஓடும் டி.வி முன்னால். அங்கிருந்து பார்த்தால் புகையும் ஆம்புலன்ஸும். இரண்டும் பொய்யில்லை. ஆனால், இரண்டு இடத்திலிருந்து பார்த்தாலும் அந்த அம்மா தெரிவதில்லை.

அவர் தெரிய வேண்டுமானால் ஓரடி தள்ளி நிற்க வேண்டும். காலையில் ஆலை வாகனத்துக்காகச் சாப்பாட்டுத் தூக்குடன் ரோட்டோரம் காத்திருப்பார். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. தீப்பொறி பறக்கும் இரும்புக் கருவிகள் கூடாது. பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். காகிதக் குழலை வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஒட்டுவார். எண்ணிக்கைக்குக் கூலி. நாள் முழுக்கச் சக்கரம் செய்தாலும், அங்கே ஒரு சக்கரம்கூடச் சுற்றி அவர் பார்த்ததில்லை. சுற்றவும் கூடாது.

பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. ஒரு பொறி போதும் என்கிற இடம், அதனால் அந்த விதி சரியானதுதான். ஆனால், அதனாலேயே இன்னொன்றும் நடந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் போட்டோ எடுக்கும் இந்தக் காலத்தில், அந்த அம்மா வேலை செய்யும் போட்டோ ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. டிராகனோடு போட்டோ எடுத்துக்கொள்ள முடிகிற பிள்ளைகளால், அம்மா சக்கரம் சுற்றும் அறையைக் கற்பனையில்தான் பார்க்க முடிகிறது.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள், மகள் அம்மாவிடம் கேட்டாளாம்: "நீ உக்காந்து வேல பாக்குற எடம் எப்படிம்மா இருக்கும்?" அம்மா வாசல் மண்ணில் விரலால் வரைந்து காட்டியிருக்கிறார். இது கதவு, இதுவும் கதவு, இங்ஙன நான், எதிர்த்தாப்புல பாக்கியத்தக்கா என்று. மகள் அதை அப்படியே பார்த்து ஒரு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். கோடு கோணல்தான். யார் கண்ணையும் ஏமாற்றாது.

அடுத்த தீபாவளிக்குச் சக்கரப் பெட்டியைப் பிரிக்கும்போது, பற்றவைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். பெட்டியின் மேலே இருக்கும் படம், நான்கு நிறப் புள்ளிகளை மயிரிழை பிசகாமல் உட்கார வைத்த ஒருவரின் வேலை. உள்ளே வட்டமாகச் சுற்றியிருக்கும் காகிதக் குழல், இன்னொருவரின் விரல் வேலை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள். சக்கரம் அப்போதும் அழகாகத்தான் சுற்றும்.